பொலி சொன்னவர் யார்

பிற்பகல் இரண்டு மணி இருபது. மண்டப வாசலில் நான் முதலில் கண்டது, மேசையொன்றின் மீது வரிசையாகக் கிடந்த ஏழு பாக்குவெட்டிகள்.

மேசைக்குப் பின்னால் சீருடையில் ஒரு பெண் காவலர் நின்றார். பக்கத்தில் துப்பாக்கியோடு இரண்டு ஆமிக்காரர். கண்டி நகரில் சினிமாவோ திருமணமோ எதுவானாலும் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போன காலம் அது.

எட்டாவது பாக்குவெட்டி ஒரு வெற்றிலைப் பையிலிருந்து வெளியே வந்தது. காவலர் அதைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். கத்தி, கத்தரிக்கோல், சவர அலகு எல்லாம் அதில் இருந்தன. பாக்குவெட்டி இல்லை.

பையின் சொந்தக்காரி தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கையை ஆட்டி ஆட்டி, பாக்கு வெட்டும் முறையை விளக்கினார். காவலர் சிரிக்கவில்லை. கடுமையும் காட்டவில்லை. படம் முடியும்வரை எல்லாம் மேசையிலேயே இருக்கட்டும், எது யாருடையது என்று பெயர் எழுதி வையுங்கள் என்றார்.

எழுதும் வேலை எனக்கு வந்தது. குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு பாக்குவெட்டியின் வாயிலும் ஒரு பெயரைச் செருகினேன்.

"என்னோடது மாறிப் போயிராதே மிஸ்?"

"மாறாது அக்கா. பேர் வைச்சிருக்கிறன்."

"வெத்தல போடாம ரெண்டு மணி நேரம் குந்தியிருக்கிறதுக்கு, வெயில்ல கொழுந்தே எடுத்திரலாம்."

இப்படிச் சொன்னவர் பாக்கியம். மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த உடம்பு, பெரிய குரல். அவரோடு இன்னும் பதினாறு பெண்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் திருவிழாச் சேலையில் இருந்தார்கள்.

கூட வந்த ஒரே ஆண், அவர்களை மலையில் நடத்தும் முத்தையா கங்காணி. சாம்பல் நிறக் கோட்டு, வெள்ளை வேட்டி, கையில் மடித்த குடை. பெண்களோடு சேராமல் மதிலோரமாக நின்றார்.

அவர்கள் பார்க்க வந்தது ஓர் ஆங்கிலப் படம். பிரித்தானியர் எடுத்தது. ஐம்பதுகளின் ஹொலிவூட் நட்சத்திரம் ஒருத்தியைப் பற்றியது. அந்தப் பதினேழு பெண்களும் அதில் தோன்றுகிறார்கள். ஆனால் தங்கள் முகத்தைப் பார்க்க மட்டும் அவர்கள் வரவில்லை. படத்தில் ஓரிடத்தில் ஒரு குரல் கேட்கும். அது பாக்கியத்தின் குரலா, முத்தையா கங்காணியின் குரலா என்பது அன்று தெரிந்துவிடும்.

சினிமா தொரசாணி

படப்பிடிப்பு நடந்தது அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், போர் நிறுத்தம் இருந்த மாதங்களில். சோதனைச் சாவடிகளின் மணல் மூட்டைகளில் புல் முளைத்திருந்தது. வெள்ளைக்காரர் மறுபடியும் வரத் தொடங்கியிருந்தார்கள்.

கதை இதுதான். புகழின் உச்சியில் இருக்கும் அமெரிக்க நட்சத்திரம் ஒருத்தி, படப்பிடிப்புக்காக இலங்கைக்கு வருகிறாள். வந்த இடத்தில் யாருக்கும் சொல்லாமல் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் மூன்று நாள் ஒளிந்துகொள்கிறாள். அந்த மூன்று நாள்தான் படம். நட்சத்திரமாக நடித்தவர் லண்டன் நாடக மேடைகளில் பேர் பெற்ற ஒரு நடிகை. தோட்டத்துப் பெண்கள் அவருக்குச் "சினிமா தொரசாணி" என்று பெயர் வைத்திருந்தார்கள். தோட்டத்தில் துரையின் மனைவிதான் தொரசாணி. இவர் சினிமாவில் வந்த தொரசாணி.

நான் அப்போது கொழும்பில் வெளியான ஒரு தமிழ் நாளிதழின் கண்டி நிருபர். நடிகையிடம் பேட்டி எடுத்து அனுப்பும்படி ஆசிரியர் சொன்னார். நடிகை யாருக்கும் பேட்டி கொடுக்கவில்லை. மூன்று நாள் மலையில் நின்றேன். பேசக் கிடைத்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள்.

படக்குழு அவர்களை ஐம்பதுகளுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் தாளைக் கழற்றிவிட்டுச் சாக்கைக் கட்டினார்கள். தலைக்கு மேல் கறுப்புக் கம்பளி போட்டார்கள். "எங்கம்மா மாதிரியே இருக்கேன்," என்று ஒருவர் இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டார்.

கூடைகளும் புதிதாகப் பின்னிக் கொண்டுவரப்பட்டிருந்தன. ஆனால் அவற்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைபோல இரண்டு தோள்பட்டிகள் தைத்திருந்தன. பாக்கியம் ஒரு கூடையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"இத மாட்டிக்கிட்டு எங்க போறது, பரீட்ச எழுதவா?"

பட்டிகளை அறுத்துவிட்டு, கயிறு கட்டித் தலையில் தொங்கவிட்டுக் காட்டினார். பதினேழு கூடைகளுக்கும் அப்படியே கயிறு மாற்றினார்கள். படக்குழுவில் மொழிபெயர்க்க வந்திருந்த நிமாலி என்ற சிங்களப் பெண், அதைத் தன் தாளில் குறித்துக்கொண்டாள். பேராதனையில் படித்தவள். தமிழ் கொஞ்சம் தெரியும். என்னை "அக்கே" என்று கூப்பிடுவாள்.

எங்கள் வீட்டுக் கதிரைகள்

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

என் தந்தை யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்காகக் கண்டிக்கு வந்தவர். ஹந்தானை மலை எங்கள் சமையலறை யன்னலில் தெரியும். மழை விட்ட நேரங்களில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களின் தகரக் கூரைகள் மினுங்கும். அந்த வீட்டில் நாற்பது வருடம் இருந்தோம். ஒரு நாளும் நாங்கள் அங்கே போனதில்லை.

எங்கள் வீட்டில் காலையும் மாலையும் தேநீர் இருந்தது. கொழுந்து பறித்த கையுடைய யாரும் எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்ததில்லை. வந்தவர்கள் படியில் நின்று பேசிவிட்டுப் போனார்கள். அதை யாரும் ஒரு சட்டமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

நிருபராகி வருடக்கணக்கான பிறகும், தோட்டத்துச் செய்தி என்றால் வேலை நிறுத்தமோ மண்சரிவோ நடந்தால்தான் எழுதியிருக்கிறேன். ஹுன்னஸ்கிரியவுக்கு ஒரு தடவை மண்சரிவு பார்க்கப் போனேன். இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதினேன். உயிரோடிருந்தவர்களின் பெயர்களைக் கேட்கவில்லை.

ஆகவே அந்த மூன்று நாளும் நான் பார்த்தவை எனக்கும் புதியவை. இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கும் எனக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

யாரும் கை வைக்கவில்லை

இரண்டாம் நாள் காலை. விடிந்து அதிக நேரமில்லை. பனி மூட்டம் முழங்காலளவில் நின்றது. காட்சி எளிது. நட்சத்திரம் பங்களாவிலிருந்து வெள்ளை உடையில் இறங்கி வந்து மலையோரத்தில் நிற்பாள். பெண்கள் கொழுந்து பறிக்கத் தொடங்குவார்கள். அவள் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இயக்குநர் கம்பளித் தொப்பி போட்ட நெட்டை மனிதர். "எக்‌ஷன்" என்றார்.

யாரும் அசையவில்லை.

இரண்டாவது தடவையும் சொன்னார். பதினேழு பெண்களும் தங்கள் நிரையில் நேராக நின்றார்கள். கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நிமாலி வாயில் கையைக் குவித்து, "அக்கா எல்லாரும் கொழுந்து எடுங்க! கொழுந்து!" என்று கத்தினாள். அதற்கும் அசைவில்லை.

இயக்குநர் என்னிடம் வந்து, இது வேலை நிறுத்தமா என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. மலைநாட்டைப் பற்றி எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார்.

நான் பாக்கியத்திடம் போனேன்.

"ஏன் அக்கா சும்மா நிக்கிறீங்கள்?"

"பொலி சொல்லலியே மிஸ்."

"இது படத்துக்குத்தானே?"

"படத்துக்குன்னாலும் இது நெசக் கொழுந்துதானே? சினிமான்னு செடிக்குத் தெரியுமா?"

அந்தத் தோட்டத்தில் வழக்கம் இப்படி. காலையில் மலைக்கு வந்ததும் பெண்கள் ஆளுக்கொரு நிரையில் நிற்பார்கள். கங்காணி உரத்த குரலில் "பொலி, பொலி" என்பார். பெண்கள் ஒரே குரலில் "பொலியோ பொலி" என்று பதில் சொல்வார்கள். பெருகட்டும் என்று பொருள். அதன் பிறகுதான் முதல் கொழுந்து கூடைக்குள் விழும். அதற்கு முன் செடியில் யாரும் கை வைப்பதில்லை.

இதை இயக்குநருக்குச் சொன்னேன். அவர் பனியைப் பார்த்தார். அது கலைந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

படத்தில் கங்காணியாக நின்றவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு நடிகர். பெரிய தலைப்பாகை கட்டியிருந்தார். அவரைச் சொல்லச் சொன்னார்கள். அவர் மார்பை நிமிர்த்தி "பொலி! பொலி!" என்றார். பெண்கள் சிரித்தார்கள். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"இவரு பொலி சொல்றாரா, கண்டி பஸ்ஸுக்கு ஆள் ஏத்துறாரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

உண்மையான கங்காணி அங்கே இல்லை. தன் இடத்தில் தலைப்பாகைக்காரரை நிறுத்தியதும், முத்தையா கோபித்துக்கொண்டு தொழிற்சாலைப் பக்கம் போயிருந்தார். அவரைக் கூப்பிட ஓர் ஆள் ஓடியது. போய்வரக் கால் மணி நேரம் ஆகும்.

"நான் சொல்றேன்," என்றார் பாக்கியம்.

சிரிப்பு நின்றது. அந்த மலையில் ஒரு பெண் பொலி சொல்லி யாரும் கேட்டதில்லை. பக்கத்து நிரைப் பெண் அவருடைய கம்பளியைப் பிடித்து இழுத்தார்.

"வேணாம்டி. கங்காணி கொன்னுருவாரு."

"கங்காணி வர்றதுக்குள்ள பனி போயிரும்."

தலைக்கயிற்றைச் சரிசெய்தார். இயக்குநரைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தார்.

முதல் பொலி தாழ்வாக வந்தது. இரண்டாவது நீண்டது. மூன்றாவது பள்ளத்தைத் தாண்டிப் போய் எதிர்மலையில் பட்டுத் திரும்பியது. பதினாறு பெண்கள் பதில் சொன்னார்கள். முப்பத்துநான்கு கைகள் ஒன்றாகச் செடியில் இறங்கின.

ஓரத்தில் நின்ற நடிகை திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் நிறுத்தவில்லை. என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிடம் கேமரா ஓடியது.

கொழும்பில் ஒருவர்

முத்தையா கங்காணி வந்து சேர்ந்தபோது பனி போயிருந்தது. நடந்ததை அவருக்குச் சொன்னார்கள்.

"பொம்பள பொலி சொன்னா மலை வெளங்குமா?" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பின்னேரம் தொழிற்சாலை முற்றத்தில் ஒலிவாங்கியை வைத்து அவரைத் தனியாகப் பொலி சொல்லவைத்துப் பதிவு செய்தார்கள். மூன்று தடவை. நல்ல குரல், கனமான குரல். இதையும் எழுதத்தான் வேண்டும்.

"ரெண்டும் லண்டன் போகுது அக்கே," என்றாள் நிமாலி. "எது நல்லம்னு அங்க பாத்துப் போடுவாங்க."

அன்று மாலை நான் தொலைபேசியில் செய்தி கொடுத்தேன். பேட்டி இல்லை, பொலிதான் செய்தி. பாக்கியம் என்ற பெயரை இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் பத்திரிகையில் வந்தது இப்படி: "கங்காணி முத்தையா பொலி சொல்ல, பெண்கள் கொழுந்து பறிக்கத் தொடங்கினர்." கொழும்பில் செய்தியைத் திருத்தியவருக்கு மலைநாட்டு வழக்கம் தெரிந்திருந்தது. கங்காணிதான் பொலி சொல்வார், நிருபர் பிழைவிட்டுவிட்டார் என்று நினைத்து நல்ல மனதோடு திருத்தியிருந்தார்.

திருத்தம் போடும்படி ஆசிரியரிடம் கேட்டேன்.

"பிள்ளை, பொலிக்கெல்லாம் ஆராவது திருத்தம் போடுவினமோ?" என்றார்.

பத்திரிகை தோட்டத்துக்குப் போனது. முத்தையா அந்தத் துண்டை வெட்டிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பொம்பிளையின் சத்தத்தை வெள்ளைக்காரன் வீசிவிட்டான், என் குரலைத்தான் எடுத்தான், பேப்பரிலேயே வந்துவிட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினார். அந்த வருடம் மழை பிந்தியது. கொழுந்து குறைந்தது. அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது.

பாக்கியத்துக்குக் கடைசி நிரை கொடுக்கப்பட்டது. பள்ளத்தோரம், கிழட்டுச் செடிகள், அட்டைக்கடி. கூடையை நிறுக்க வேறு எவரையும்விட அதிக தூரம் ஏறி வரவேண்டும். ஒரு நாள் இரண்டு நாளல்ல, படம் வரும்வரை அவருக்கு அதே நிரைதான்.

சில மாதங்களுக்குப் பிறகு நான் அங்கே போனபோது, லயத்து வாசலில் வைத்து அவர் என்னைக் கேட்டார்.

"அத எழுதுனது நீங்கதானே மிஸ்?"

"ஓம் அக்கா. நான் உங்கட பேரைத்தான் குடுத்தனான். பிறகு மாத்திப் போட்டினம்."

"யாரு மாத்துனது?"

"கொழும்பில ஒருத்தர்."

"அவரு மலைக்கு வந்தாரா?"

"இல்லை."

"அப்ப அவருக்கு எப்படித் தெரியும்?"

பாக்கியம் தேநீர் கொடுத்தார். குடித்தேன். நான் போகும்போது, "படம் வரட்டும் மிஸ்," என்றார்.

அனுமதிக்கப்பட்ட ஒரு சொல்

படம் வருவதற்குள் போர் திரும்பி வந்துவிட்டது. மணல் மூட்டைகளில் முளைத்திருந்த புல்லை யாரோ வெட்டினார்கள்.

நிமாலி எங்களை மறக்கவில்லை. கண்டியில் ஆங்கிலப் படங்கள் காட்டும் ஒரு சிறிய கழகத்தோடு பேசி, வாவிக்கு அருகேயுள்ள மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் காட்சிக்கு ஏற்பாடு செய்தாள். பதினெட்டு அழைப்பிதழ்களைத் தோட்டத்துக்கு அனுப்பினாள். முத்தையாவுக்குத் தனி உறை.

அவர்கள் லொறியில் வந்தார்கள். வத்தேகமவில் எல்லோரையும் இறக்கிச் சோதித்து ஏற்றினார்கள். கட்டுகஸ்தோட்டையில் மறுபடியும். லொறியில் ஏறியபோது பாடிக்கொண்டு வந்தவர்கள், முதலாவது சாவடிக்குப் பிறகு வாய் திறக்கவில்லை என்று பாக்கியம் சொன்னார்.

அந்த மௌனம் எனக்குத் தெரியும். கலவரம் நடந்த ஆண்டில் நான் பள்ளி மாணவி. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை இரண்டு இரவு தங்கள் களஞ்சிய அறையில் வைத்திருந்தது. மூன்றாம் நாள் வெளியே வந்தபோது எங்கள் தெருவில் நான்கு கடைகள் இருக்கவில்லை. அதன் பிறகு பஸ்ஸில் ஏறுமுன் தாயார் பொட்டை அழித்துவிடுவார். ஏறிய பிறகு நாங்கள் தமிழில் பேசக்கூடாது. "அம்மா" என்ற சொல் மட்டும் சிங்களத்திலும் அதுவேதான். ஆகவே பேராதனை வீதியில் ஓடிய பஸ்களில் எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட சொல் அது ஒன்றுதான். பல வருடங்கள் அந்த ஒரு சொல்லோடு பிரயாணம் செய்திருக்கிறேன்.

அந்தப் பழக்கம் பெரியவளான பிறகும் போகவில்லை. மண்டப வாசலில் பாக்குவெட்டிகளுக்குப் பெயர் எழுதியபோதும் நான் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இருட்டில்

மண்டபம் நிறைந்திருந்தது. பல்கலைக்கழகத்து ஆட்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், சில வெள்ளைக்காரர். பெரும்பாலும் சிங்களவர். தோட்டத்துப் பெண்களுக்கென்று முன்பக்கத்தில் இரண்டு வரிசை ஒதுக்கியிருந்தார்கள். பாக்கியம் என் இடப்பக்கம் இருந்தார். முத்தையா வலப்பக்கம், குடையைக் கால்களுக்கிடையில் நட்டுக்கொண்டு.

முதல் ஒரு மணி நேரம் நட்சத்திரம் பேசினாள். தொலைபேசியில் பேசினாள், கண்ணாடிக்கு முன்னால் பேசினாள், அழுதாள். கழகத்து ஆட்கள் ரசித்தார்கள். எங்கள் வரிசையில் முணுமுணுப்பு வந்தது.

"இந்தம்மா என்னா இப்படிச் சிகரட்டுக் குடிக்குது?"

"அழுவுறா, மை கலையுதா பாரு."

"நீ அழுதா மூக்குத்தான் ஒழுவும்."

"நம்ம மலை எப்பத்தான் வரும்?"

மலை வந்தது. பனி. எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். வெள்ளை உடையில் நட்சத்திரம் இறங்கி வந்தாள். கம்பளியும் சாக்குமாகப் பெண்கள் நிரையில் நின்றார்கள். தங்கள் முகத்தைக் கண்டும் அவர்களில் ஒருவரும் சத்தமிடவில்லை. காத்திருந்தார்கள்.

திரையில் தலைப்பாகைக்காரர் வந்தார். கையை உயர்த்தினார். வாயைத் திறந்தார். முத்தையா முன்னால் சாய்ந்தார். பாக்கியத்தின் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன. சுருட்டுவது நின்றது.

காட்சி மாறியது. நட்சத்திரத்தின் முகம் திரை முழுவதும். அவள் எதையோ கேட்கிறாள்.

பொலி.

தாழ்வாக வந்தது. இரண்டாவது நீண்டது. மூன்றாவது மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் திரும்பி வந்தது. பெண் குரல்.

அடுத்து நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. எங்கள் இரண்டு வரிசைகளிலும் இருந்த பெண்கள், வாழ்நாள் முழுவதும் காலையில் செய்ததைச் செய்தார்கள். பதில் சொன்னார்கள். "பொலியோ பொலி!" திரையிலிருந்த பதினாறு குரல்களோடு கதிரைகளிலிருந்த பதினாறு குரல்களும் சேர்ந்தன.

போர்க்காலக் கண்டியில், பொது இடத்தில், அவ்வளவு உரத்த தமிழை நான் கேட்டதில்லை.

பின்கதவின் திரைச்சீலை விலகியது. வெளிச்சத்தில் ஒரு தொப்பியும் துப்பாக்கியின் குழலும் தெரிந்தன. நான் எண்ணினேன். ஏழு வரை எண்ணினேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார். பகைமை இல்லாத சிரிப்பு. பிறகு ஒருவர் கை தட்டினார், பிறகு பலர். திரைச்சீலை மூடிக்கொண்டது. எனக்குப் பின்னாலிருந்த வயதான சிங்களவர் குனிந்து, அவர்கள் சொன்னது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். தன் தந்தையின் ஊரில் நெற்களத்தில் அதைச் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னார்.

முத்தையா கங்காணியின் இரண்டு கைகளும் குடைப்பிடியில் இருந்தன. அவர் பதில் சொல்லவில்லை. பொலிக்குக் கங்காணி பதில் சொல்வதில்லை.

பாக்கியம் திரையில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக, மிகப் பெரிதாக, நகக்கண்ணில் கறையோடு அவை செடிமேல் ஓடிக்கொண்டிருந்தன.

செய்தி எழுதுபவர் தன் உணர்ச்சியைச் செய்திக்குள் கொண்டுவரக்கூடாது என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டது. நான் அதைப் பெரும்பாலும் பின்பற்றியிருக்கிறேன். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண்களின் மொழி என் மொழி என்பதில் பெருமை. அதற்கு முன் அப்படி நினைத்ததில்லை என்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வாசலில்

படம் முடிந்தது. மேசையில் பாக்குவெட்டிகள் பெயரோடு இருந்தன. எதுவும் மாறவில்லை. பாக்கியம் அங்கேயே நின்று வெற்றிலை மடித்தார். பெண் காவலருக்கும் ஒன்று நீட்டினார். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

முத்தையா எங்களிடம் வந்தார். அதுவரை அவர் பாக்கியத்தின் பக்கம் திரும்பவில்லை.

"சத்தம் கொஞ்சம் கீச்சா இருந்திச்சு," என்றார்.

"பனிண்ணே. தொண்ட கட்டியிருந்திச்சு."

"மூணாவது பொலிய அவ்வளவு இழுக்கப்படாது."

"இழுத்தாத்தானே கடைசி நிரைக்குக் கேக்கும்?"

சுற்றி நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். முத்தையா குடையை இடக்கைக்கு மாற்றினார். கோட்டுப் பையில் கைவிட்டு, மடித்து மடித்து மஞ்சளாகிப் போன பத்திரிகைத் துண்டை எடுத்தார். அதை என்னிடம் நீட்டினார்.

"பேப்பர்ல தப்பாப் போட்டுட்டீங்க மிஸ்."

"ஓம். பிழைதான்," என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு லொறியின் முன்பக்கம் போய் ஏறிக்கொண்டார். பெண்கள் பின்னால் ஏறினார்கள். வாவிக்கரை வளைவில் லொறி திரும்பும்வரை அவர்கள் பேசும் சத்தம் எனக்குக் கேட்டது. அங்கேயும் ஒரு சாவடி இருந்தது.

அன்று மாலை கொழும்புக்குச் செய்தி கொடுத்தேன். பாக்கியம் என்ற பெயரை முதல் வரியில் வைத்து, எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை தொலைபேசியை வைக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, புகைப்படம் எடுப்பதற்காக முதல் பஸ்ஸில் மடுல்கெல்லைக்குப் போனேன். ஏழரை மணிக்குப் பெண்கள் நிரை பிடித்து நின்றார்கள். இருபத்தாறு வருடமாக முத்தையா கங்காணி அந்த மலைக்கு அவர்களுக்கு முன்னரே வந்து நிற்பவர். அன்று பத்து நிமிடம் பிந்தி வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது பொலி முடிந்து, எல்லோருடைய கூடையிலும் கொழுந்து இருந்தது.